நிலம் விற்கும் முன் வழித்தடத்தைக் கவனியுங்கள்

நிலத்தை விற்பதென்று முடிவு செய்த விவசாயி முதலில் பெட்டியைத் திறந்து பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் தேடி எடுக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்கிறார். வாங்க வருபவரோ மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், மின் இணைப்பு யார் பெயரில், வரப்பு மரங்கள் யாருக்குச் சேர்ந்தவை என்று கேட்கிறார். இவ்வளவும் பேசி, விலையும் முடிந்து, முன்பணமும் கைமாறிய பிறகே, 'ஊர்ச் சாலையிலிருந்து இந்த நிலத்துக்கு எந்த வழியாக, எந்த உரிமையில் போவது?' என்ற கேள்வி எழுகிறது. அப்போது எழும் அந்தக் கேள்வி, முடிந்த விலையைக் கலைத்துவிடக் கூடியது.

இக்கட்டுரையை எழுதுபவன் உழவியல் துறையைச் சேர்ந்தவன், வழக்கறிஞன் அல்லன். இருப்பினும் செயல்விளக்கத் திடல் அமைக்க ஊர் ஊராகச் செல்லும்போது, மண்ணின் கார அமில நிலையைவிட வழித்தடமே ஒரு நிலத்தின் பயிரை முடிவு செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுமாறு நாங்கள் பரிந்துரை செய்கிறோம். வண்டி செல்லாத நிலத்தில் அதனைக் கூடைக்கு 25 கிலோ வீதம் தலைச்சுமையாகக் கொண்டு செல்ல வேண்டுமானால் 200 நடை ஆகும். எந்த விவசாயி அதனைச் செய்வார்? கரும்பு நல்ல வருவாய் தரும் என்று தெரிந்தும், லாரி வர வழியில்லாததால் பயிரிடாமல் விட்ட தோட்டங்கள் உண்டு. ஆகவே வழித்தடம் என்பது சட்டச் சிக்கல் மட்டும் அன்று. நிலத்தின் விலையில் ஒரு பகுதியும் ஆகும்.

ஒரு விவசாயிக்கு நேர்ந்தது

எங்கள் திடல் ஒன்று அமைந்திருந்த ஊரில் ஒரு விவசாயி, தமக்குச் சொந்தமான 2 ஏக்கர் நிலத்தை விற்க முன்வந்தார். ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது; கடனும் சேர்ந்திருந்தது. அவரும் அவர் அண்ணனும் 1991ஆம் ஆண்டில் தந்தையின் நிலத்தைப் பாகம் பிரித்துக் கொண்டவர்கள். சாலையை ஒட்டிய முன்பாகம் அண்ணனுக்கும், உள்ளே இருந்த பின்பாகம் தம்பிக்கும் வந்தன. அண்ணன் நிலத்தின் தென் வரப்பை ஒட்டித் தம்பியின் மாட்டு வண்டி போய் வந்தது. முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தகராறு இல்லை.

வாங்க வந்தவர் 2 இலட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத் தவணையில் கிரைய ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அவருடைய வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்துவிட்டு ஒரே ஒரு குறையைக் கூறினார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வழியைப் பற்றி இரண்டே சொற்கள் இருந்தன: 'மாமூல் வழித்தடம்'. அகலம் எத்தனை அடி, எந்தப் பக்கமாகச் செல்கிறது, யாருடைய பாகத்திலிருந்து விடப்பட்டது என்பவற்றில் ஒன்றும் அதில் இல்லை. இதற்குள் அண்ணன் காலமாகிவிட்டார். அண்ணன் மகனிடம் கேட்டதற்கு, "சித்தப்பா, உங்கள் மாட்டு வண்டி போகத்தான் அப்பா விட்டார். முன்பின் தெரியாதவர் டிராக்டரும் லாரியும் ஓட்டுவதற்கு நான் எப்படிச் சம்மதிப்பது?" என்றார்.

அந்த இளைஞர் மீது தவறு காண்பது எளிது. ஆனால் தென் வரப்பை ஒட்டி அவர் தென்னை வைத்திருந்தார். 12 அடித் தடம் விட்டால் ஒரு வரிசை மரம் போய்விடும். அவருடைய கவலையும் நியாயமானதே. வாங்குபவரோ தவணைக்குள் வழி காட்டாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டார். அந்தப் பணம் ஏற்கெனவே கடனுக்குப் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறர் நிலத்தின் வழியாகத் தம் நிலத்துக்குப் போய் வரும் உரிமையை நம் ஊர்களில் 'பாதை பாத்தியம்' என்கிறோம். சட்டத் தமிழில் இதற்கு வசதியுரிமை என்று பெயர். இதற்கான இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் நமது பழைய சென்னை மாகாணமும் ஒன்று.

இந்த உரிமை பலவகையில் பிறக்கிறது. எழுதிக்கொடுத்துப் பிறப்பது முதல் வகை. எல்லாவற்றிலும் உறுதியானதும் அதுவே. பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ ஒரே நிலம் இரண்டாகும்போது, ஒரு துண்டுக்கு வேறு வழியே இல்லையெனில், மற்றத் துண்டின் வழியாகச் செல்லும் உரிமை தானே பிறக்கிறது. இது 13ஆவது பிரிவில் உள்ளது. இதனைத் தேவையால் வந்த உரிமை எனலாம். ஆனால் சுற்று வழியாகவேனும் வேறு பாதை ஒன்று இருந்தால் இந்த உரிமையைக் கேட்க இயலாது. தூரம் அதிகம், மேடு பள்ளம் என்பனவெல்லாம் காரணம் ஆகா. அன்றியும், பின்னாளில் வேறு பாதை கிடைத்துவிட்டால் தேவை தீர்ந்தது, உரிமையும் தீர்ந்தது. ஊராட்சி புதிய சாலை போட்ட பிறகு இவ்வாறு பழைய வழி அடைபட வாய்ப்புண்டு என்பதை விவசாயிகள் நினைவில் வைத்தல் நன்று.

இன்னொரு வகை, நெடுநாள் அனுபவத்தால் வருவது. அமைதியாகவும், வெளிப்படையாகவும், இடையூறின்றியும், 'இது என் உரிமை' என்ற முறையிலும் 20 ஆண்டுகள் போய் வந்திருந்தால் 15ஆவது பிரிவின்படி உரிமை கேட்கலாம். அரசு நிலமாயின் 30 ஆண்டுகள் வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறாகக் கருதுகின்றனர். 'இருபது வருடமாகப் போகிறேன்' என்பது மட்டும் போதாது. நில உடைமையாளரைக் கேட்டு, அவர் 'சரி, போய்க்கொள்ளுங்கள்' என்று சொன்னதன் பேரில் போயிருந்தால் அது அனுமதி. அனுமதி ஐம்பது ஆண்டு நீடித்தாலும் உரிமை ஆகாது. தடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாளாவிருந்துவிட்டு வழக்குப் போட்டாலும் இப்பிரிவின் பயன் கிடைக்காது. 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டாலோ உள்ள உரிமையும் அற்றுப் போகும்.

நன்செய்ப் பகுதி விவசாயிகள் ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அறுவடை முடிந்ததும் வரப்பை வெட்டிவிட்டு, தாளடியின் மேலேயே ஒருவர் வயல் வழியாக மற்றவர் வண்டி செல்வது பல ஊர்களில் உள்ள பழக்கம். நடவு ஆனதும் அந்தத் தடம் மறைந்துவிடும். உள்ளூர் வழக்கத்தால் பிறக்கும் உரிமையையும் சட்டம் ஏற்கிறது எனினும், இத்தகைய கோடைத் தடத்தை நிலையான உரிமை என்று நிரூபிப்பது கடினம். பங்குனி, சித்திரையில் நிலம் பார்க்க வருபவருக்கு நல்ல வண்டிப்பாதை போலத் தோன்றுவது, ஐப்பசியில் பார்த்தால் நெற்பயிராக இருக்கும். வாங்குபவர் பயிர் நிற்கும் காலத்தில் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது. விற்பவரும் அந்தக் கோடைத் தடத்தைக் காட்டி விலை பேசாமலிருப்பது நல்லது.

நடைபாதை வேறு, வண்டிப்பாதை வேறு

மேற்கண்ட சட்டத்தின் 28ஆவது பிரிவு ஒன்றைத் தெளிவாகக் கூறுகிறது: ஒருவகை வழியுரிமையில் இன்னொரு வகை வழியுரிமை அடங்காது. நடந்து செல்லும் பாத்தியம் உள்ளவர் அதனை வைத்து வண்டி ஓட்டிச் செல்லும் உரிமை கேட்க முடியாது. தேவையால் வந்த உரிமையாயின், அது பிறந்த காலத்துத் தேவை எவ்வளவோ அவ்வளவே.

மாட்டு வண்டிக்கு 8 அடித் தடம் போதுமானதாக இருந்தது. இன்றைய நிலை அதுவன்று. சக்கரம் வைத்த பெரிய அறுவடை இயந்திரத்தின் வெட்டும் பகுதியே 12 முதல் 14 அடி அகலம் உடையது. வளைவில் திரும்ப இன்னும் இடம் வேண்டும். ஆட்கூலியும் ஆள் பற்றாக்குறையும் உள்ள இந்நாளில் இயந்திரம் இறங்காத வயல் பாதி விலைதான் பெறும் என்று தரகர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பாதி என்பது மிகையாக இருக்கலாம். குறையும் என்பதில் ஐயமில்லை. குழாய் பதிப்பதும் மின்கம்பம் நடுவதும் இவ்வாறே தனித்தனி உரிமைகள். வழிக்கான உரிமை இருப்பதாலேயே அதன் அடியில் குழாய் பதித்துவிட இயலாது.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் காட்டாதவை

'எல்லாம் வில்லங்கம் பார்த்துத்தானே வாங்குகிறோம்' என்று கேட்கலாம். நமது நாட்டில் பதிவு செய்யப்படுவது பத்திரமே தவிர, உரிமை அன்று. வில்லங்கச் சான்றில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே வரும். வாய்மொழியாக விட்ட வழி, பதிவாகாத உயில், பழக்கத்தால் வந்த பாத்தியம் இவையெல்லாம் அதில் தென்படா. 30 ஆண்டுக்கு 'வில்லங்கம் இல்லை' என்று சான்று வந்த நிலத்தின் நடுவே பக்கத்துத் தோட்டத்தாருக்கு அசைக்க முடியாத வழியுரிமை இருக்கக்கூடும்.

பட்டாவும் அவ்வாறே. அது வருவாய்த் துறையின் பதிவு. அது ஒன்றே உரிமை மூலம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் விற்கும் நேரத்தில்தான் பலருக்குத் தெரிய வருகின்றன.

பின் எங்கே பார்ப்பது? கிராம 'அ' பதிவேட்டில் பாதை, புறம்போக்காகப் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பதிவாகியிருந்தால் அது பொதுவழி, தனியார் எவரும் மறிக்க இயலாது. வாய்க்கால், ஓடை, ஏரிக்கரை எனப் பதிவாகியிருந்தால் அது வழி ஆகாது. கரையின்மேல் நாள்தோறும் போய் வந்தாலும் அதனை நம்பி விலை பேசுதல் கூடாது. புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு நில அளவருடன் நடந்து பார்த்தல் வேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் வில்லங்க விவரத்தையும் இன்று இணையம் வழியாகவும் பார்க்கலாம்.

இன்னொரு நல்ல சான்று பலருக்குத் தோன்றுவதில்லை. அதுதான் பக்கத்து நிலத்தாரின் பழைய பத்திரம். தம் பத்திரத்தில் வழியைப் பற்றி ஒன்றும் இல்லாவிடினும், பக்கத்துப் பத்திரத்தின் நான்கெல்லையில் 'வண்டிப்பாதைக்கு வடக்கு' என்று நாற்பது ஆண்டுக்கு முன் எழுதப்பட்டிருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலைப் பெறலாம். எதிர்த்தரப்பின் முன்னோரே ஒப்புக்கொண்ட வழி என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது.

காப்பீடு உண்டா?

அமெரிக்க நாட்டில் இத்தகைய இடர்ப்பாட்டுக்குக் காப்பீடு உண்டு. 1868இல் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. பத்திரம் பார்த்துக் கொடுத்தவர் வழக்கறிஞரின் கருத்தை நம்பி ஒரு வில்லங்கத்தைப் பொருட்படுத்தாது விட்டார். அவர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்பதால் அவர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பாயிற்று. நட்டம் வாங்கியவர் தலையில் விழுந்தது. இதன் விளைவாக 1876இல் பிலடெல்பியா நகரில் உரிமைக் காப்பீட்டு நிறுவனம் முதன்முதலாகத் தோன்றியது. வாங்கும்போது ஒருமுறை கட்டணம் செலுத்தினால், பின்னர் உரிமையில் குறை வெளிப்பட்டால் காப்பீட்டு நிறுவனம் வழக்கை நடத்தி நட்டத்தையும் ஈடு செய்யும். நிலத்துக்குச் சட்டப்படி வழியே இல்லை என்பதும் அந்தக் காப்பீட்டில் அடங்கும். ஆயினும் சட்டப்படி ஏதோ ஒரு வழி இருந்தால், அது டிராக்டர் போகும் வழியா என்பதை அங்கும் பொதுவாகப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு வந்த கட்டட மனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 16ஆவது பிரிவில், அடுக்குமாடித் திட்டங்கள் போன்றவற்றை உருவாக்குவோர் உரிமைக் காப்பீடு எடுப்பது பற்றிக் கூறப்பட்டுள்ளது. இரண்டு ஏக்கர் புன்செயை விற்கும் விவசாயிக்கு அது தொடர்புடையதன்று. கிராமங்களில் அவ்வாறு காப்பீடு எடுத்து நிலம் வாங்கும் வழக்கமும் இல்லை.

ஆனால் வேறொரு ஈடு நம் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஈட்டைத் தருபவர் விற்பவர்தாம்! 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி, நிலத்திலோ உரிமையிலோ தமக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் தெரியாததாயின், அதனை விற்பவர் தாமே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பது மோசடி எனவே அப்பிரிவு கூறுகிறது. தாம் விற்பதாகச் சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று விற்பவர் உறுதி அளித்ததாகவும் சட்டம் கருதிக்கொள்ளும். எனவே வழி இல்லாத நிலத்தை 'வழி இருக்கிறது' என்று விற்றுவிட்டால், பணத்தை வாங்கிச் செலவு செய்த பின்னரும் அந்தப் பொறுப்பு விற்றவரைத் தொடரும். தம் நிலத்தின் குறுக்கே பக்கத்துத் தோட்டத்தார் போய் வரும் வழியிருந்து, அதைச் சொல்லாமல் விற்றாலும் இதே நிலைதான்.

முன்னிலத்தை விற்போர் கவனத்துக்கு

சாலை ஓரத்து நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதால் முன்பகுதியில் ஓர் ஏக்கரை விற்று, பின்பகுதியைத் தமக்கு வைத்துக்கொள்ளும் விவசாயிகள் இப்போது அதிகம். இவர்களில் பலர் தமக்கான வழியைப் பத்திரத்தில் எழுதாமலே கையொப்பம் இடுகின்றனர். 'வாங்கியவர் நல்லவர், வழி விடுவார்' என்பது காரணம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடமிருந்து அடுத்து வாங்குபவரை யார் அறிவார்? வேறு வழியே இல்லாத நிலையில் 13ஆவது பிரிவு விற்றவருக்கும் துணை நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு உரிமையியல் நீதிமன்றம் சென்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வட்டாட்சியரோ காவல் நிலையமோ பாதை உரிமையை இறுதியாகத் தீர்மானிக்க இயலாது. பத்திரத்தில் நான்கு வரி எழுதுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

அந்த நான்கு வரி இவ்வாறு இருக்கலாம்: 'மேற்படி சொத்தின் தென் எல்லையை ஒட்டிக் கிழக்கு மேற்காக, 12 அடி அகலமும் 330 அடி நீளமும் உள்ள, இணைத்துள்ள வரைபடத்தில் குறித்துக் காட்டியுள்ள வண்டிப்பாதையின் வழியாக, ஆட்கள், கால்நடைகள், வண்டி, டிராக்டர், லாரி, அறுவடை இயந்திரம் முதலியவை எல்லாக் காலத்திலும் போய் வரவும், பூமிக்கடியில் நீர்க்குழாய் பதித்துப் பராமரிக்கவும், பின்னிலத்தின் உடைமையாளருக்கும் அவருக்குப் பின் வருவோருக்கும் நிரந்தர உரிமை உண்டு.' பாதையைச் செப்பனிடும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துவிட்டால் பிற்காலச் சண்டை ஒன்று குறையும்.

வழியை எழுதிக்கொடுப்பவர் தனியொருவரா, கூட்டு உடைமையாளரா என்றும் பார்த்தல் வேண்டும். கூட்டாக இருந்தால் அனைவரும் கையொப்பம் இட வேண்டும். மகள்களுக்கும் பங்குரிமை தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் சட்டமாயிற்று. அண்ணன் தம்பிகள் மட்டும் கையொப்பமிட்ட பத்திரத்தைக் கட்டிக்கொடுத்த தங்கை பின்னாளில் மறுக்கக்கூடும். முன்னிலம் வங்கியில் அடமானமாக இருந்தால் வங்கியின் இசைவும் பெறுதல் வேண்டும்.

அந்த விவசாயியின் நிலம்

மேலே கூறிய விவசாயி நீதிமன்றம் சென்றிருந்தால் பாகப்பிரிவினையால் வந்த உரிமை அவருக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் மாட்டு வண்டிக்கான வழியா, லாரிக்கான வழியா என்ற வாதம் தொடர்ந்திருக்கும், தவணையும் கடந்திருக்கும். ஊரில் மூத்தவர் ஒருவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். வாங்குபவர் தவணையை இரண்டு மாதம் நீட்டிக் கொடுத்தார்.

330 அடி நீளத்துக்கு 12 அடி அகலம் என்றால் 3960 சதுர அடி. அதாவது சுமார் 9 சென்ட். அண்ணன் மகன் தென் வரப்பை ஒட்டி அந்த 9 சென்ட்டை விட்டுக் கொடுத்தார். அதற்கு ஈடாகச் சித்தப்பா, தம் நிலத்தில் அவருடைய தோட்டத்தை ஒட்டிய பக்கம் 11 சென்ட் கொடுத்தார். இரண்டு சென்ட் அதிகம் கொடுத்தது வெட்டுப்படும் தென்னைகளுக்காக. இதனைப் பரிவர்த்தனைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தனர். அண்ணன் மகனுடைய இரு சகோதரிகளும் வந்து கையொப்பம் இட்டனர். இப்போது அது வழியுரிமை மட்டும் அன்று; வழி நிலமே பின்னிலத்தோடு சேர்ந்துவிட்டது.

மொத்தத்தில் சித்தப்பாவுக்கு 2 சென்ட் குறைந்தது. அளவுக் கட்டணமும் முத்திரைச் செலவும் அவருடையதே. விலையைப் பேசும் முன்பே இதைச் செய்திருந்தால் தென்னைக்குத் தனியாக ஈடு கேட்டிருக்க மாட்டார் என்று அவர் என்னிடம் குறைப்பட்டுக் கொண்டார். இருக்கலாம். தவணை நெருங்குகிறது என்று தெரிந்தால் எதிரில் இருப்பவர் சற்று அதிகம் கேட்பது இயல்பே.

பதிவு முடிந்த வாரத்திலேயே நில அளவரைக் கொண்டு இருபுறமும் கல் நட்டனர். பரிவர்த்தனையில் கைமாறிய இரு துண்டுகளுக்கும் உட்பிரிவு செய்து பட்டா மாற்றம் கோரி மனுவும் கொடுத்தனர். உட்பிரிவு எண் வந்த பிறகே கிரையப் பத்திரம் எழுதப்பட்டது. அதன் சொத்து விவரத்தில் 'மாமூல் வழித்தடம்' என்ற சொற்கள் இல்லை. பாதையின் உட்பிரிவு எண்ணும், அகலமும், நீளமும் இருந்தன.